கனிமம் கண்ட குமாரசாமி

ஆனந்த குமாரசாமி என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது தில்லைக் கூத்தனின் திருவுருவமே. 1918-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வெளிவந்த ‘சிவ நடனம்’ என்னும் நூலினால் நடராஜத் திருமேனியின் உட்பொருளை உலகறியச் செய்தவர் அவர். பாஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலையில் 1917 முதல், 1947-ல் மறையும் வரை, இந்தியக் கலைச் செல்வங்களைக் காத்தும் விளக்கியும் வந்தவர். இவை பலரும் அறிந்த செய்திகள். ஆனால், கலைத்துறையில் அவர் புகழ் பெறுவதற்கு முன்பே, நிலவியல் அறிஞராக இலங்கையின் மலைச்சாரல்களில் உழைத்து, உலகம் அதுவரை அறியாத இரண்டு கனிமங்கள் அறிவுலகில் இடம் பெறக் காரணமாக இருந்தார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அந்தக் கதையையே இன்று சிந்திக்கப் போகிறோம்.

ஒரு மனிதரின் வரலாறாக மட்டும் இதைக் கருத வேண்டியதில்லை. மண்ணிலிருந்து ஒரு கல் கிடைக்கிறது. அது முன்பே பெயர் பெற்ற கல்லா, இதுகாறும் எவரும் அறியாத புதிய இனமா? அதை எவ்வாறு தீர்மானிப்பது? யார் தீர்மானிப்பது? தீர்மானித்தது பிழையாக இருந்தால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கெல்லாம் விடை இக்கதையில் இருக்கிறது.

குமாரசாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசாமி இலங்கைத் தமிழர்களில் மிகச் சிறந்த சட்ட அறிஞர், சட்டசபை உறுப்பினர். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னரே தந்தையார் காலமானார். ஆகவே, மகன் இங்கிலாந்தில் தாயின் பராமரிப்பில் வளர்ந்தார். அங்கேயே கல்வி பயின்றார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவர இயலும் நிலவியலும் கற்று, 1900-ல் சிறப்புடன் தேறினார். அதே ஆண்டில், இலங்கையின் பாறைகளையும், பென்சிற் கரி எனப்படும் கிராபைட்டையும் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் நிலவியற் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. பிறந்த நாட்டை விட்டுக் கைக்குழந்தையாகப் பிரிந்தவர், அந்நாட்டின் கற்களைக் கொண்டே அதனுடன் மீண்டும் உறவு கொண்டார் என்று கூறலாம்.

1903-ல் இலங்கையில் கனிமப் பொருளாய்வு ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. அதன் பொறுப்பு இருபத்தாறு வயதுகூட நிரம்பாத குமாரசாமியிடம் வந்து சேர்ந்தது. தீவின் எப்பகுதியில் எக்கனிமம் உண்டு, அதனால் என்ன பயன் விளையும் என்று கண்டறிவதே இவ்வாய்வின் நோக்கம். ஆள்வோர் கண் வருவாயின் மீது இருந்தது. ஆய்வாளரின் கண்ணோ அதனினும் விரிந்த எல்லையைப் பார்த்தது.

இங்கே பாறை வேறு, கனிமம் வேறு என்பதை நாம் முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். பாறையை ஒரு வாக்கியம் என்று கொண்டால், கனிமம் அதிலுள்ள சொல். கொல்கத்தாவில் வாழும் நம் அன்பர்கள் அந்நகரத்துச் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறையைக் கண்டிருப்பார்கள். அக்கல்லறையின் மேல் பதித்துள்ள கருங்கல் சென்னையை அடுத்த பகுதியிலிருந்து சென்றது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு அக்கல்லை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களில் காணும் பாறையே அது எனக் கண்டு, 1893-ல் அதற்குச் ‘சார்னக்கைட்’ என்று பெயர் சூட்டினார். பிறந்த இடம் தமிழகம். பெயர் பெற்ற இடமோ வங்காளம்! இச்சார்னக்கைட் ஒரு பாறை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் முதலிய கனிமங்கள் கூடி அமைந்தது அது. இலங்கையின் மலைநாட்டிலும் இதே குடும்பத்துப் பாறைகள் பரவிக் கிடக்கின்றன. கடல் பிரித்தாலும் கல் உறவு பிரியவில்லை. பாறை இவ்வாறு பல பொருள்களின் கூட்டு. கனிமமோ அவ்வாறன்று, குறிப்பிட்ட இரசாயன அமைப்பும், அணுக்கள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பெற்ற படிக அமைப்பும் உடைய தனிப்பொருள் அது. ஆதலின், புதிய கனிமம் ஒன்றைக் காண்பது இயற்கையின் அகராதியில் புதிய சொல் ஒன்றைக் காண்பது போன்றதாகும்.

ஆனால், அச்சொல் புதியதுதான் என்று துணிவது எளிதன்று. கண்ணுக்கு முதலில் படுவது நிறம்; முதலில் ஏமாற்றுவதும் நிறமே. நம் முன்னோர் நவமணிகளை நிறத்தாலும் ஒளியாலும் பகுத்தனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மாநகரத்து மணிக்கடை வீதியும், மணிகளின் இலக்கணமும், அவற்றின் குற்றங்களும் கூறப்பட்டிருப்பதைத் தமிழன்பர்கள் அறிவார்கள். மணிகளைத் தேர்ந்து ஆராயும் கலை நமக்குப் புதியதன்று. எனினும், நிறத்தை மட்டும் நம்பினால் உறவினர் அயலாராகவும் அயலார் உறவினராகவும் தோன்றுவர். மாணிக்கம் சிவப்பு, நீலமணி நீலம். இரண்டையும் இரசாயன முறையில் பகுத்தால் இரண்டும் ஒன்றே! இரண்டும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் என்னும் கனிமம். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். இதற்கு மாறாக, பிரிட்டிஷ் மகுடத்தில் நெடுங்காலம் மாணிக்கம் என்று போற்றப்பட்ட பெரிய செங்கல் ஒன்று மாணிக்கமே அன்று. அது ஸ்பினெல் என்னும் வேறு கனிமம்.

ஆகவே, கனிம ஆராய்ச்சியாளர் நிறத்தோடு நிற்பதில்லை. கல்லின் கடினத்தை அளக்கிறார். ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812-ல் வகுத்த அளவையின்படி, நகத்தால் கீறக்கூடிய மாக்கல் 1, வைரம் 10, குருந்தம் 9, ஸ்பினெல் 8. அடுத்து, கல்லைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, அது தன் பருமனளவு நீரைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்று கணக்கிடுகிறார். படிகத்தின் முகங்கள் எக்கோணத்தில் சந்திக்கின்றன என்று பார்க்கிறார். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள தகடாகத் தேய்த்து, அதனூடே ஒளியைச் செலுத்தி நுண்பெருக்கியில் நோக்குகிறார். இறுதியாக, கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அதில் அடங்கிய மூலகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுக்கிறார். இத்தனை சாட்சிகளும் ஒருமுகமாகக் கூறினாலன்றித் தீர்ப்பு வழங்குவதில்லை. கல்லின் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையை எக்ஸ் கதிர்களால் அறியும் வழி 1912-க்குப் பின்னரே கிட்டியது. குமாரசாமியின் காலத்தில் அத்துணை இல்லை.

இந்நிலையில் அவர் கண்ட முதற் புதுமை, கண்டிக்குக் கிழக்கே அம்பக்கோட்டையை அடுத்த கங்காபிட்டிய என்னும் இடத்தில் கிடைத்தது. சுண்ணாம்புப் பாறையும் வேறொரு பாறையும் ஒன்றையொன்று தொடும் எல்லையில், நீல நிறமான சிறு மணிகள் பதிந்திருந்தன. நுண்பெருக்கியின் கீழ் அவற்றைத் திருப்பிப் பார்த்தபோது, ஒரு திசையில் ஒரு நிறமும் மறு திசையில் வேறு நிறமும் காட்டின. படிகங்கள் அடுக்கடுக்காக இணைந்த கோடுகளும் தெரிந்தன. நன்கறிந்த நீலக் கனிமங்கள் எவற்றோடும் அவை முழுதும் ஒத்துவரவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் காட்சிச்சாலையைச் சேர்ந்த பிரயர் என்னும் அறிஞரும் குமாரசாமியும் சேர்ந்து 1903-ல் இதனைப் புதிய கனிமமாக உலகுக்கு அறிவித்தனர். கால்சியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றுடன் போரானும் சிலிக்கானும் சேர்ந்த அரிய கூட்டு அது. இலங்கைக்கு அராபியர் வழங்கிய பழம் பெயர் ‘செரந்தீப்’. அதைக் கொண்டே அக்கனிமத்துக்குச் ‘செரண்டிபைட்’ என்று பெயரிட்டனர். கண்டவர் தம் பெயரைச் சூட்டாமல், கண்ட நாட்டின் பெயரைச் சூட்டியது நினைவில் நிறுத்தத் தக்கது.

இரண்டாவது கனிமத்தின் கதை இதைவிடச் சுவையானது. ஏனெனில், அது ஒரு பிழையில் தொடங்குகிறது.

இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில் இரத்தினபுரி, பலாங்கொடை ஆகிய ஊர்களைச் சுற்றி நெடுங்காலமாக மணிக்கல் தோண்டுகிறார்கள். களிமண்ணுக்குக் கீழே, பழைய ஆற்றுப் படுகையின் கூழாங்கற் படலம் இருக்கிறது. அதை அவ்வூரார் ‘இல்லம்’ என்பர். குழி தோண்டி அதை வெளியே எடுத்து, மூங்கிற் கூடையில் இட்டு, நீரில் சுழற்றி அலசுவார்கள். இலேசான மண்ணும் மணலும் நீரோடு போய்விடும். கனமான கற்கள் கூடையின் அடியில் தங்கும். அவற்றுள் மாணிக்கமும் நீலமும் வைடூரியமும் இருந்தால் பொறுக்கி எடுத்துக்கொண்டு, எஞ்சியதை எறிந்துவிடுவது வழக்கம். இவ்வாறு எஞ்சியவற்றுள் கருமையான சிறு மணிகள் இருந்தன. பெரும்பாலும் நீரோட்டத்தில் உருண்டு முனை மழுங்கியவை. ஆயினும், கனசதுர வடிவம் தெளிவாகத் தெரிந்தது. ஒளி ஊடுருவாது, அழகும் இல்லை. ஆனால், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம்! குருந்தம் நீரைப்போல் நான்கு மடங்கு கனம்; இரும்பு எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இக்கருமணியோ ஒன்பது மடங்குக்கும் மேல்! மணி தேடுவோர்க்குப் பயன்படாத இக்கரும்பொடி, பலாங்கொடையை அடுத்த பம்பரபொட்டுவப் பகுதியிலிருந்து, 1904-ஆம் ஆண்டு குமாரசாமியின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று.

அவர் அதை யுரேனினைட் என்று கருதினார். யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அக்கனிமம் அறிஞர் உலகுக்குப் பழக்கமானது. 1896-ல் பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டதும், 1898-ல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டதும் யுரேனியப் பொருள்களைக் கொண்டுதான். யுரேனினைட்டும் கரியது, மிகக் கனமானது, கதிரியக்கம் உடையது, கனசதுரப் படிக வகுப்பைச் சேர்ந்தது. பலாங்கொடையின் கருமணியும் இவை அனைத்தும் உடையது. நிறம், எடை, வடிவம் ஆகிய சாட்சிகள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்லும்போது, அதை யுரேனினைட் என்று கொண்டது இயல்பே. அணுக்கள் அடுக்கப்பட்டுள்ள முறையும் இரண்டிலும் ஒன்றே என்று இன்று நாம் அறிவோம். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனைக் கண்டு மற்றவன் என மயங்கியது போன்ற பிழை இது.

ஆனால், குமாரசாமி தம் கருத்தைத் தீர்ப்பாகக் கொண்டு அதனோடு நின்றுவிடவில்லை. முழுமையான இரசாயனப் பகுப்புக்காக அம்மணிகள் லண்டனிலுள்ள இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டுக்குச் சென்றன. அங்கே இயக்குநராயிருந்த விந்தம் டன்ஸ்டன் அவற்றைச் சோதித்தார். பகுத்து நிறுத்தபோது வெளிப்பட்ட உண்மை எதிர்பாராதது. யுரேனியம் இருந்தது உண்மை. ஆனால், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு அளவிலேயே இருந்தது. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருந்தது தோரியம் ஆக்சைடு! 1829-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ், நார்வேயில் கிடைத்த கருங்கனிமம் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்து, பழைய வடபுலத்துக் கடவுளான ‘தோர்’ பெயரால் வழங்கிய மூலகம் அது. அதற்கு முன் கிடைத்த தோரியக் கனிமங்களில் தோரியம் சிலிக்காவுடனோ பாஸ்பேட்டுடனோ கலந்தே இருந்தது. தோரியம் ஆக்சைடே பெரும்பகுதியாக, படிக வடிவில், இயற்கையிலேயே கிடைக்கும் என்று எவரும் அறிந்திலர். ஆகவே இது யுரேனினைட் அன்று, புதிய இனம். டன்ஸ்டன் 1904-ல் இதற்குத் ‘தோரியனைட்’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டில் அவரும் பிளேக் என்பவரும் சேர்ந்து இதன் முழு இலக்கணத்தையும் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியிட்டனர்.

இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். கல் இலங்கையில் கிடந்தது. நீரில் அலசிப் பிரித்த கைகள் அவ்வூர் உழைப்பாளிகளின் கைகள். அதன் சிறப்பை உணர்ந்து ஆராய்ச்சிக்குக் கொணர்ந்தவர் குமாரசாமி. ஆனால், பெயர் சூட்டும் உரிமை ஆய்வுக்கூடம் இருந்த இடத்தில் இருந்தது. அடிமை நாடுகளின் கனிமங்கள் ஆளும் நாட்டின் தராசில் நிறுக்கப்பட்ட பின்னரே அறிவுலகில் இடம் பெற்றன. இது அக்காலத்து நிலை. எனினும், டன்ஸ்டனின் தராசு உண்மையைச் சொன்னது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமை யாருடையது என்பது வரலாற்றின் வினா. உண்மை எது என்பது தராசின் விடை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டையும் நினைவில் வைப்பதே நேர்மை.

பெயரைத் திருத்தியது வெறும் சொல் மாற்றமாக முடிந்ததா? இல்லை. அக்காலத்தில் காஸ் விளக்குகளின் வெண்ணிற வலைத்திரிக்குத் தோரியம் இன்றியமையாதது. ஆகவே, எறிந்துவிட்ட கரும்பொடி விலையுள்ள சரக்காயிற்று. இதனினும் பெரிய விளைவு அறிவுத் துறையில் ஏற்பட்டது. லண்டனில் வில்லியம் ராம்சே என்னும் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் தோரியனைட்டைப் பெருமளவில் வாங்கினார். அக்கனிமத்தைச் சூடேற்றினால் அதன் பருமனைப்போல் பல மடங்கு ஹீலியம் வாயு வெளிப்பட்டது. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தோரியமும் யுரேனியமும் மெல்ல மெல்லச் சிதைந்து, அச்சிதைவில் பிறந்த ஹீலியம் கல்லுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சேர்ந்துள்ள ஹீலியத்தை அளந்து கல்லின் வயதை மதிப்பிட முயன்ற ஸ்ட்ரட் என்னும் அறிஞருக்கு இலங்கைத் தோரியனைட்டே துணைபுரிந்தது. பூமியின் வயது சில கோடி ஆண்டுகளே என்று வாதித்தவர்களின் கணக்கு இத்தகைய ஆராய்ச்சிகளால் தகர்ந்தது.

ராம்சேயின் ஆய்வுக்கூடத்துக்கு 1904-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஆங்கிலம் கற்றுக்கொள்வதே அவருடைய முதல் நோக்கம். ஓட்டோ ஹான் என்பது அவர் பெயர். தோரியனைட்டிலிருந்து பெற்ற உப்பு ஒன்றை அவரிடம் கொடுத்து, அதிலிருந்து ரேடியத்தைப் பிரிக்கும்படி ராம்சே பணித்தார். பிரித்துக்கொண்டே போகையில், ரேடியத்துக்குரிய இயல்புகளோடு பொருந்தாத ஒரு கதிரியக்கப் பொருள் மிஞ்சுவதை ஹான் கண்டார். ‘ரேடியோ தோரியம்’ என்று அதற்குப் பெயரிட்டு 1905-ல் அறிவித்தார். இரசாயன அறிஞராகத் தொழிற்சாலை வேலைக்குப் போக நினைத்த அவரைக் கதிரியக்கத் துறைக்கு நிலையாக ஈர்த்தது இக்கண்டுபிடிப்பே. 1938-ஆம் ஆண்டின் இறுதியில் யுரேனிய அணுவின் பிளவை உலகுக்கு வெளிப்படுத்தியவரும் இதே ஹான்தான். பலாங்கொடையின் சேற்றில் அலசிய கருமணிக்கும் அணுயுகத்தின் தொடக்கத்துக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. கருமணியை யுரேனினைட் என்று எழுதி மூடிவைத்திருந்தால் இத்தொடர்பு ஏற்பட்டிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

புதிதாகச் சூட்டும் பெயர்கள் எல்லாம் நிலைத்துவிடுவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஃபெர்மார் என்பவர் மத்திய இந்தியாவின் மாங்கனீஸ் சுரங்கங்களைத் துருவி ஆராய்ந்தார். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா மாவட்டத்துக் கஜ்லிடோங்கிரியில் அவர் கண்ட ஒரு கனிமத்துக்கு, முன்பு நாம் கூறிய தாமஸ் ஹாலண்டின் பெயரால் ‘ஹாலண்டைட்’ என்று பெயரிட்டார், அப்பெயர் நிலைத்தது. சிந்த்வாடா மாவட்டத்துச் சீதாபாரில் கண்டதற்கு அவ்வூரின் பெயரால் ‘சீதாபரைட்’ என்று பெயரிட்டார், அது நிலைக்கவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்து 1897-லேயே ‘பிக்ஸ்பியைட்’ எனப் பெயர் பெற்றிருந்த கனிமமே அது எனப் பிற்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது. ஃபெர்மாரின் திறமைக்கு இதனால் குறைவில்லை. பழையதைப் புதியது என மயங்குவதும், புதியதைப் பழையது என மயங்குவதும் இத்துறையில் உடன்பிறந்த இடர்கள். குமாரசாமிக்கு நேர்ந்தது இரண்டாவது. ஃபெர்மாருக்கு நேர்ந்தது முதலாவது. இரண்டையும் திருத்தியது மறு ஆராய்ச்சியே.

இலங்கையின் மணிக்கற்களோ அதன் பின்னரும் அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தத் தவறவில்லை. 1945-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில், டாஃப் என்னும் மணிக்கல் ஆர்வலர் நகைக்கடை ஒன்றில் பழைய கற்கள் சிலவற்றை வாங்கினார். அவற்றில் இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறக் கல் ஒன்று ஸ்பினெல் போலவே இருந்தது. ஆனால், உருப்பெருக்கியில் நோக்கியபோது, கல்லின் அடியிலுள்ள கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினெல் ஒளியை இரண்டாகப் பிளப்பதில்லை. ஆகவே, இது ஸ்பினெல் ஆக முடியாது! லண்டன் அறிஞர்கள் எக்ஸ் கதிர்களாலும் நுண்ணிய இரசாயனச் சோதனையாலும் ஆராய்ந்து, பெரிலியம் அடங்கிய புதிய கனிமம் அது என உறுதி செய்து, 1951-ல் ‘டாஃபைட்’ என அறிவித்தனர். பட்டை தீட்டி முடித்த மணியிலிருந்தே முதலில் அறியப்பட்ட கனிமம் அது. அத்தகைய கற்கள் இலங்கையின் படுகைகளில் கிடைப்பவை என்பது பின்னர்த் தெரிந்தது. அடுத்த ஆண்டே, பழுப்பு நிறப் பெரிடாட் என்று வணிகர்கள் விற்றுவந்த இலங்கைக் கல்லும் போரான் அடங்கிய தனி இனமாகத் தெளிந்து, ‘சிங்களைட்’ எனப் பெயர் பெற்றது. 1961-ல் தோரியம் அடங்கிய பச்சை நிறக் கனிமம் ஒன்று, அதைக் கண்டெடுத்த இலங்கையர் எக்கநாயக்கா என்பவரின் பெயரால் ‘ஏகனைட்’ என வழங்கலாயிற்று. தன்னுள் இருக்கும் தோரியத்தின் கதிர்களாலேயே தன் படிக ஒழுங்கு சிதைந்து நிற்கும் விந்தைக் கல் அது. இம்முறை கண்டவரின் பெயரே கல்லில் நிலைத்தது.

இன்று கனிமங்களுக்குப் பெயரிடுவது தனி ஒருவரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. பன்னாட்டுக் கனிமவியற் சங்கம் 1959-ல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. புதிய கனிமம் என்று கருதுபவர் அதன் இரசாயன அமைப்பையும் படிக அமைப்பையும் பிற இயல்புகளையும் எழுதி அக்குழுவின் முன் வைக்க வேண்டும். உறுப்பினர் வாக்களித்து ஏற்றால்தான் பெயர் நிற்கும். கண்டவர் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளலாகாது. ஆராய்ந்த மாதிரிக் கல்லைப் பொதுக் காட்சிச்சாலை ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். பின்னால் ஐயம் எழுந்தால் யாரும் மீண்டும் சோதிக்கலாம் அன்றோ! இவ்வாறு ஏற்கப்பெற்ற கனிமங்கள் இன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றின் வரிசையில் செரண்டிபைட்டும் தோரியனைட்டும் நூற்றாண்டைக் கடந்தும் தம் இடத்தில் நிற்கின்றன.

குமாரசாமி 1906-ல் கனிமப் பணியிலிருந்து விலகினார். இலங்கைக் கற்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. ஆனால், அவருடைய மனம் வேறு திசையில் திரும்பியிருந்தது. கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர், ஊர்களில் கொல்லரையும் தச்சரையும் நெசவாளரையும் ஓவியரையும் கண்டார். அந்நியப் பொருள்களின் மோகத்தில் அவர்களுடைய கைத்திறன் மதிப்பிழந்து மறைவதையும் கண்டார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றி 1908-ல் அவர் வெளியிட்ட பெருநூல் அந்த ஊர்ப் பயணங்களின் பயனே.

கல்லை ஆராய்ந்தவரும் கலையை ஆராய்ந்தவரும் இருவரல்லர். தோற்றத்தை மட்டும் கண்டு பழைய பெயரைச் சூட்டிவிடாமல் உள்ளமைப்பைத் தேடுவது கனிம ஆராய்ச்சியின் முதற் பாடம். நம் சிற்பங்களைக் கண்டு விகாரமான உருவங்கள் என்று மேனாட்டார் பலர் எள்ளிய காலத்தில், அவற்றின் உட்பொருளை ஆராய்ந்து, உரிய பெயரால் அழைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். தோரியனைட் கற்பித்த பாடம் அவருக்கு அங்கும் உதவியது என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

அவர் அறிவுலகுக்கு அளித்த இரு கனிமங்களிலும் அவர் பெயர் இல்லை. ஒன்று நாட்டின் பெயரைத் தாங்குகிறது. மற்றது மூலகத்தின் பெயரைத் தாங்குகிறது. தாம் முதலில் எண்ணியது பிழை என்று பிறர் காட்டியதனால் அவர் பெருமை சிறுத்துவிடவும் இல்லை. வெளியூர்களில் வாழும் நம் அன்பர்கள், தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவ்வூர்க் காட்சிச்சாலைக்குச் செல்லும்போது, பொன்னும் மணியும் வைத்த கண்ணாடிப் பேழைகளோடு நின்றுவிடாமல், கனிமங்கள் வைத்த மூலையையும் ஒருமுறை பார்த்து வருவார்களாக. ஒவ்வொரு கல்லின் அருகிலும் ஒரு சிறு சீட்டு இருக்கும். அச்சீட்டிலுள்ள ஒற்றைச் சொல், யாரோ ஒருவர் ஐயுற்று, நிறுத்து, பிழைத்து, திருந்திப் பெற்ற சொல் என்பதை அக்குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.